பழைய பேப்பரில் மூடி போட்ட கூடை: ஊறவைப்பதிலிருந்து பெயின்ட் வரை

ஒரு கிலோ பழைய பேப்பர், 150 கிராம் வெந்தயம், ஒரு வாரம் போல நல்ல வெயில். இவ்வளவு இருந்தால் பத்து லிட்டர் பக்கெட் அளவில், மூடியோடு ஒரு காகிதக்கூழ் கூடை செய்துவிடலாம். செய்முறையை யாரைக் கேட்டாலும் நாலு வரியில் சொல்லிவிடுவார்கள்: ஊறவை, அரை, அப்பு, காயவை. அந்த நாலு வரியை நம்பி இறங்கினால் கூடை அச்சை விட்டு வராது, இல்லை வெடிக்கும், இல்லை மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும். மூன்றும் தண்ணீரால் வருகிற கோளாறுதான். கூழில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைக் கவனித்தால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற இரண்டு நாள், அரைத்து அப்ப ஒரு நாள், உடல் காய ஐந்தாறு நாள், மூடிக்குத் தனியாக மூன்று நான்கு நாள், பூச்சு வேலைக்கு இரண்டு நாள். ஆக மொத்தம் இரண்டு வாரம். கை வைத்துச் செய்கிற வேலை ஐந்தாறு மணி நேரம்தான், மிச்சமெல்லாம் காத்திருப்பு. மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆரம்பிக்கவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் கடைசியில் சொல்லியிருக்கும் அட்டைப்பெட்டி முறைக்குப் போங்கள்.

செலவு: பேப்பர் வீட்டிலேயே இருக்கும், இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடையில் கிலோ பதினைந்து, இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். வெந்தயம் ஏறக்குறைய இருபது ரூபாய்க்கு. உப்புத்தாள், கொஞ்சம் மைதா, சிறிய டப்பா பெயின்ட் எல்லாம் சேர்த்து நூறு, நூற்றைம்பதில் முடியும். விலை ஊருக்கு ஊர் மாறும்.

1. எதைப் போட்டு வைக்கப் போகிறீர்கள்?

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். துணி, கம்பளி, தையல் சாமான், பொம்மை, ரசீது, மருந்துச் சீட்டு, கோலமாவு டப்பாக்கள் இவற்றுக்கெல்லாம் அருமையான கூடை. நாலைந்து கிலோவுக்கு மேல் போட்டுத் தூக்கக் கூடாது. தூக்கும்போதும் விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுக்க வேண்டும்.

அரிசி, மாவு, வடகம், அப்பளம் போட்டு வைக்கிற வழக்கம் கிராமங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். செய்தித்தாள் மை உணவில் படக்கூடாது என்பதால், உணவை அதில் சுற்றவோ வைக்கவோ கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதியே சொல்கிறது. கூழாக்கிவிட்டதால் மை போய்விடாது. உள்ளே துணி ஒட்டினாலும் போகாது. வடகத்தைத் தகர டப்பாவில் அடைத்து, அந்த டப்பாவைக் கூடைக்குள் வைப்பதில் தவறில்லை.

வெங்காயமும் ஆகாது. அதற்குக் காற்று வேண்டும். மூடிய கூழ்க்கூடையில் இரண்டே வாரத்தில் முளை விடும், கூடையும் ஈரம் வாங்கும்.

2. பேப்பர் பொறுக்குதல்

சாதாரண செய்தித்தாள்தான் சிறந்தது. பதினாறு பக்கப் பேப்பர் ஒன்று சுமார் 70 கிராம் இருக்கும். பதினான்கு, பதினைந்து நாள் பேப்பர் சேர்ந்தால் ஒரு கிலோ. முட்டை அட்டை கிடைத்தால் விடாதீர்கள். அது ஏற்கெனவே கூழில் செய்ததுதான், சீக்கிரம் ஊறிவிடும். எடையில் பாதிவரை அதையே போடலாம்.

வேண்டாதவை: வழவழப்பான வார இதழ் அட்டை, கல்யாணப் பத்திரிகை, பால் அல்லது ஜூஸ் வந்த அட்டைப்பெட்டி. இவற்றில் மெழுகோ பிளாஸ்டிக் படலமோ இருக்கும். எவ்வளவு ஊறினாலும் துண்டு துண்டாகவே நிற்கும். சூப்பர் மார்க்கெட் பில்லும் வேண்டாம். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிற தாளில் ரசாயனப் பூச்சு இருக்கிறது, அதைக் கையால் பிசைய வேண்டிய அவசியம் இல்லை. ஸ்டேப்ளர் பின்னை இப்போதே எடுத்துவிடுங்கள். பின்னால் அது மிக்ஸி பிளேடில் மாட்டும், இல்லையென்றால் உங்கள் கட்டைவிரலில்.

3. ஊறவைத்தல்

கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் தண்ணீர் சீக்கிரம் ஏறும். இரண்டு விரல் அகலத் துண்டுகள் போதும். மூழ்கும்படி தண்ணீர் விட்டு இரண்டு நாள் வையுங்கள். அவசரமென்றால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஒரே நாளில் ஊறும்.

தினமும் ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். கோடையில் இரண்டாம் நாளே புளித்த வாடை வந்துவிடும். அந்த வாடை காய்ந்த பிறகும் கூடையை விட்டுப் போகாது. கழிக்கிற தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். நார் குழாயில் தங்கி அடைத்துக்கொள்ளும். பழைய துணியில் வடிகட்டி, தண்ணீரை வெளியே கொட்டுங்கள்.

இரண்டு விரலுக்கு நடுவே ஒரு துண்டைத் தேய்த்தால் அது திரிந்து பஞ்சாகிவிட வேண்டும். எழுத்து இன்னும் வாசிக்க முடிகிறது என்றால் மேலும் அரை நாள்.

4. அரைத்தல்

உரலில் இடித்தால் நார் நீளமாக நிற்கும், கூடைக்குப் பலம் கூடும். மிக்ஸியில் நார் சின்னதாக வெட்டுப்படும், ஆனால் மேற்பரப்பு நைசாக வரும். இரண்டும் சரிதான். மிக்ஸி என்றால் ஒரு கைப்பிடி ஊறிய பேப்பர், ஜாரில் முக்கால் அளவு தண்ணீர், இருபது வினாடி, நிறுத்தி இன்னொரு இருபது வினாடி. தண்ணீரைக் குறைத்தால் கூழ் பிளேடைச் சுற்றிக்கொள்ளும், மோட்டார் சூடேறிக் கருகல் வாடை வரும். சமையலுக்குப் போடுகிற ஜார் வேண்டாம், பழைய ஜார் ஒன்றை ஒதுக்குங்கள். மாவு கிரைண்டரிலும் போடாதீர்கள். கல்லின் நுண்துளைகளில் மை தங்கிவிடும், அடுத்த இட்லி சாம்பல் நிறத்தில் வரும்.

5. வெந்தயமும் பதமும்

ஒரு கிலோ உலர்ந்த பேப்பருக்கு 150 கிராம் வெந்தயம். ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் சேர்த்தே காலையில் அரைத்தால் நுரைத்துப் பொங்கி, கையை எடுத்தால் கூடவே இழுபட்டு வரும். அந்த வழவழப்புதான் பசை. இன்னும் கெட்டியாகட்டும் என்று 300 கிராம் போடுகிறவர்கள் உண்டு. பசை கூடினால் அது பிடித்து வைக்கிற தண்ணீரும் கூடும். காய இரண்டு நாள் அதிகம், சுருக்கமும் அதிகம், வெடிப்பும் அதிகம்.

புளியங்கொட்டை கிடைக்கிற ஊர்க்காரர்கள் அதை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையையும் சேர்க்கலாம். வெந்தயத்தைவிட இறுக்கம். வேலைதான் இரட்டிப்பு.

கூழ் அழுகாமல் இருக்கக் கல்லுப்பு போடச் சொல்வார்கள். வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வெயில் காலத்தில் நன்றாக இருந்த கூடை மழைக்காலத்தில் தொட்டால் பிசுபிசுக்கும். பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். குழந்தைகள் புழங்குகிற வீட்டில் அது வேண்டாம். ஒரு கைப்பிடி வேப்பிலையை வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தால் போதும்.

இப்போது பதம். அரைத்த கூழைத் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்ததில் வெந்தய விழுதைச் சேர்த்துக் கால் மணி நேரம் பிசையுங்கள். கொழுக்கட்டை பிடிக்கிற பதம் வர வேண்டும்: கைக்குள் வைத்து இறுக்கினால் சொட்டு விழக்கூடாது, விரித்தால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். சொட்டினால் அச்சில் வழியும். உதிர்ந்தால் ஒட்டாது, அப்போது வெந்தய விழுதுதான் சேர்க்க வேண்டும், தண்ணீர் அல்ல. பிசைந்ததை மூடி ஒரு மணி நேரம் வைத்து, அன்றைக்கே அப்பிவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் புளித்துவிடும்.

6. அச்சு

வாயைவிட அடி குறுகலாக இருக்கிற பாத்திரம் எதுவும் ஆகும்: பிளாஸ்டிக் பக்கெட், பேசின், குண்டான். குடம், சொம்பு மாதிரி கழுத்து ஒடுங்கியது ஆகாது. கூடையை உடைத்தால்தான் வெளியே வரும். நேர்ச்சுவர் டப்பாவும் தொந்தரவுதான்.

வெளிப்புறம் அப்புவதா, உட்புறம் அப்புவதா? கூழ் காயும்போது சுருங்கும் என்பதை வைத்து யோசியுங்கள். கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பினால், சுருங்கச் சுருங்க அச்சை இறுக்கிப் பிடிக்கும். முழுக்கக் காயவிட்டால் ஒன்று கழலாது, இல்லை வெடிக்கும். உட்புறம் அப்பினால் சுருங்கும்போது தானே விலகிவிடும், ஆனால் காற்று ஒரு பக்கம்தான் படுவதால் காய இரண்டு மடங்கு நாளாகும், அடியில் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம். வெளிப்புறம் அப்பி, பாதி காய்ந்ததும் கழற்றுவதே நல்லது.

பக்கெட்டைக் கவிழ்த்து பாலித்தீன் தாளை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மடிப்புகள் ஒரே இடத்தில் குவியக் கூடாது, உள்ளே தழும்பு விழும். தாள் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கட்டும். கழற்றும்போது அதைப் பிடித்துத்தான் இழுக்கப் போகிறீர்கள். எண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு. கழற்ற உதவும், ஆனால் எண்ணெய் ஏறிய உட்பக்கத்தில் பின்னால் பெயின்ட் பிடிக்காது.

7. அப்புதல்

கவிழ்த்த பக்கெட்டின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே ஆரம்பித்து, மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து இறங்கினால் எடை தாங்காமல் கூழ் சரியும். எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, முன்னதன் மேல் பாதி ஏறும்படி வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து அழுத்த வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே மட்டும் தடவிவிட்டால், காய்ந்ததும் அந்த இணைப்புக் கோட்டிலேயே பிளக்கும்.

கனம் ஒரு சென்டிமீட்டர்; காய்ந்தால் ஆறேழு மில்லிமீட்டர் நிற்கும். தீக்குச்சி ஒன்றில் ஒரு சென்டிமீட்டரில் பேனாக்கோடு போட்டுக்கொண்டு, ஆங்காங்கே குத்திப் பாருங்கள். எங்கும் ஒரே கனம் என்பதுதான் முக்கியம். ஓரிடம் மெல்லிசு, ஓரிடம் தடிப்பு என்றால் மெல்லிசு முதலில் காய்ந்து இழுக்கும், தடிப்பு விட்டுக்கொடுக்காது, நடுவில் கீறல். அடியும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சற்றுத் தடிப்பாக, வளைவாகக் கொடுங்கள்.

முழுக்க அப்பியதும் ஈரத் தோசைத்திருப்பியால் மெல்லத் தட்டி இறுக்குங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துணி நனைகிற அளவுக்குத் தண்ணீர் இப்போதே போய்விட்டால் ஒரு நாள் மிச்சம். ஒரு கிலோ பேப்பரில் பக்கெட் போக மூடிக்குக் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பிழிந்து சிறு உருண்டைகளாக்கி வெயிலில் தனியே காயவைத்துவிடுங்கள். ஈரமாக வைத்திருந்தால் கெட்டுவிடும். வேண்டும்போது நனைத்துப் பிசைந்தால் மறுபடி கூழாகும்.

8. காயவைத்தல்

பாதிக் கூடைகள் கெடுவது இங்கேதான்.

*முதல் நாள் வெயில் கூடாது.* மேல்தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். தோல் சுருங்க, உள்ளே சுருங்காமல் நிற்க, குறுக்கே வெடிக்கும். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் இது நடந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், முடிந்தால் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

*கழற்றுகிற நேரம்.* ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் வரும். விரல் நுனியால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, ஆனால் தொட்டால் குளிர வேண்டும். பக்கெட்டை நிமிர்த்தி, தொங்குகிற பாலித்தீனைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் கூடை நழுவி வரும். வராவிட்டால் இன்னும் மூன்று மணி நேரம் பொறுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். முழுக்கக் காயட்டும் என்று நாலு நாள் விட்டவர்களுக்குத்தான் கத்தி தேவைப்படும்.

*கழற்றியதும்* வாய் கோணும். கசக்கிய உலர்ந்த பேப்பரை உள்ளே தளர்வாக அடைத்து, விளிம்பைச் சுற்றிச் சணல் கட்டுங்கள். அடைத்த பேப்பர் ஈரத்தையும் உறிஞ்சும். காலையும் மாலையும் மாற்றுங்கள். கைப்பிடிக் கயிறு கோக்க ஓட்டை வேண்டுமென்றால் இப்போதே போடுங்கள், விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே, ஸ்க்ரூ டிரைவரைத் திருகி நுழைத்து. காய்ந்த பிறகு ஓட்டை போட்டால் பொருக்குப் பெயரும்.

இரண்டாம் நாள் இளவெயில், மூன்றாம் நாளிலிருந்து முழு வெயில். வெறுந்தரையில் வைக்காமல் முறத்தின் மேலோ கம்பி வலையின் மேலோ வையுங்கள், அடியிலும் காற்றுப் புக வேண்டும். அரை நாளுக்கு ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஐந்து மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும். ராத்திரிப் பனி ஒரு நாள் காய்ந்ததைக் கெடுத்துவிடும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் இரண்டு நாள் கூடுதலாகக் கணக்கு வையுங்கள்.

*காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?* மேலே தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள். சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். ஈரம் போகப் போக எடை நாளுக்கு நாள் இறங்கும். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. தராசு இல்லையென்றால் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலால் சுண்டினால் சத்தம் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று அல்ல.

நடுவே வெள்ளைப் பூஞ்சை கண்டால் வினிகர் நனைத்த துணியால் துடைத்து, உடனே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். கறுப்பாகப் படர்ந்து வாடையும் வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பதில் பலனில்லை, உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

9. மூடி

உடலோடு சேர்த்தே மூடியும் செய்துவிடலாம் என்று தோன்றும். உடல் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே பொருந்தாது. உடல் முழுக்கக் காய்ந்த பிறகு, அதையே மூடிக்கு அச்சாக வையுங்கள். விளிம்பைச் சுற்றி இரண்டு சுற்று மெல்லிய அட்டை, அதன் மேல் பாலித்தீன், வாயில் வட்டமாக வெட்டிய கெட்டி அட்டை. அந்த வட்டத்தின் மேலும், ஓரமாக மூன்று சென்டிமீட்டர் கீழிறங்கியும் கூழை அப்புங்கள். மூடியும் சுருங்கும். அட்டைச் சுற்று அதற்கு விட்ட இடம்தான். அது இல்லாவிட்டால் மூடி இறுகி, திறக்கும்போதெல்லாம் விளிம்பு உதிரும். பாதி காய்ந்ததும் கழற்றி, ஒரு பலகைக்கு அடியில் தட்டையாக வைத்துக் காயவையுங்கள்.

10. துணியும் உப்புத்தாளும்

முதலில் 80-ஆம் எண் முரட்டு உப்புத்தாளாலும், பிறகு 120-ஆம் எண் உப்புத்தாளாலும் தேயுங்கள். தூசு பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். மயிரிழைக் கீறல் இருந்தால் முதலில் அதன் ஓரங்களை நனைத்து, பிறகு பெவிகால் கலந்த மெல்லிய கூழால் அடையுங்கள். நனைக்காமல் அடைத்தால் அடைத்தது அப்படியே கட்டியாகக் கழன்று விழும்.

விளிம்பு, ஓட்டைகளைச் சுற்றி, அடி மூலை மூன்றுக்கும் பழைய வேட்டித் துணி ஒட்டுங்கள். பருத்திதான் வேண்டும், பாலியஸ்டர் புடவையில் பசை இறங்காது. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, கண்ணாடி மாதிரி வரும்வரை காய்ச்சினால் பசை. துணியை மூன்று விரல் அகலத்தில் மூலைவாட்டாக வெட்டினால் வளைவில் சுருங்காமல் படியும். இந்தப் பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும், அதனால் துணியைப் பூச்சில்லாமல் விடாதீர்கள்.

11. பூச்சு

சுவருக்கு அடித்து மீந்த பிரைமர் ஒரு கை (அதாவது ஒரு பூச்சு), மீந்த எமல்ஷன் இரண்டு கை. குளியலறைப் பக்கம் வைப்பதானால் எண்ணெய் பெயின்ட். உள்ளும் வெளியும் இரண்டுமே அடிக்க வேண்டும். வெளியே மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் உட்சுவர் ஈரம் வாங்கி உப்பும், வெளிச்சுவர் உப்பாது, கூடை கோணிவிடும். உள்ளே பெயின்ட் வேண்டாமென்றால் பெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து இரண்டு கை தடவலாம்.

அடியில் நாலு பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளை ஒட்டிவிடுங்கள். தரை துடைக்கிற ஈரம் கூடையைத் தொடாது. கரையான் உள்ள வீட்டில் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

12. வெயில் விழாத வீட்டுக்கு

அடுக்குமாடியில் இருப்பவர்களும் மழைக்காலத்தில் அவசரப்படுபவர்களும் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி, மிக்ஸி வந்த பெட்டி. வெட்டி ஒட்டும்போது அட்டைக்குள் இருக்கிற நெளிக்கோடு மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். படுக்கைவாட்டில் இருந்தால் மேலே எதையாவது வைத்ததும் சுவர் மடங்கும். மைதாப் பசையில் நனைத்த பேப்பர்ப் பட்டைகளை உள்ளும் வெளியும் நாலு அடுக்கு ஒட்டுங்கள், இரண்டு அடுக்குக்கு ஒருமுறை மின்விசிறியில் காயவிட்டு. உள்ளும் வெளியும் ஒரே நாளில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக் காயவிட்டால் அந்தப் பக்கமாக அட்டை வளையும். மூன்று நாளில் முடிந்துவிடும். பலம் கூழ்க்கூடை அளவுக்கு வராது, ஆனால் அலமாரிக்குள் சதுரமாக அடங்கும்.

13. பழுது வந்தால்

விளிம்பு உடைந்தால் எடுத்து வைத்த உருண்டைகளில் இரண்டை வெந்தயத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுப் போடுங்கள். அதற்கு முன் அந்த இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்ட வேண்டும், பெயின்ட் மேல் கூழ் நிற்காது. தண்ணீரில் விழுந்துவிட்டால் பதறி வெயிலில் வைக்காதீர்கள். துடைத்து, உள்ளே உலர்ந்த பேப்பர் அடைத்து, முதல் நாள் நிழல். ஒட்டுக்கும் தாங்காமல் போனால், எமல்ஷன் அடித்த கூடையைச் சுரண்டி உடைத்து மறுபடி ஊறப்போடலாம். எண்ணெய் பெயின்ட் அடித்தது ஊறாது.